கோடை விடுமுறை யாருக்கு?

(ஆசிரியர்கள், நூலகப் பணியாளர்கள், இளைஞர் – மாதர் அமைப்புகளின் ஊழியர்கள் பங்கேற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில், இந்தியாவின் எந்த மாநில வகுப்பறைக்குச் சென்றாலும் ஒரு கட்டுரைத் தலைப்பு கரும்பலகையில் எழுதப்பட்டிருக்கும்: ‘விடுமுறையை எவ்வாறு கழித்தாய்?’ எழுதும் ஆசிரியருக்குத் தீய நோக்கம் ஏதுமில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் அந்தத் தலைப்பு அனைவருக்கும் ஒரே கேள்வியாக அமைவதில்லை. ஒரு குழந்தை மலைவாழிடத்திற்குச் சென்றதை எழுதும். இன்னொன்று கட்டணம் செலுத்திச் சேர்ந்த முகாமில் ஓவியமும் இசைக்கருவியும் கற்றதை எழுதும். செங்கல் சூளையில் பச்சைக் கல்லை வெயிலில் புரட்டிப் போட்ட குழந்தை எதை எழுதும்? தாய் கூலி வேலைக்குச் சென்றுவிட, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொண்டு சோறாக்கிய பத்து வயதுச் சிறுமி எதை எழுதுவாள்?

தேர்வின் கடைசி மணி அடிக்கும்போது எல்லாக் குழந்தைகளும் ஒரே மகிழ்ச்சியோடுதான் பள்ளி வாசலைக் கடந்து ஓடுகிறார்கள். மறுநாள் காலையில் அவர்கள் வர்க்கங்களாகப் பிரிந்துவிடுகிறார்கள். விடுமுறையில் குழந்தைகளைப் பயனுள்ள வகையில் ஈடுபடுத்துவது எப்படி என்று பெற்றோருக்கு ஆலோசனை கூறும் கட்டுரைகள் ஒவ்வோர் ஏப்ரலிலும் வெளிவருகின்றன. அந்த ஆலோசனைகளில் பல நல்லவையே. எனினும் வீட்டில் ஓய்வாக இருக்கும் பெற்றோர், தனி அறை, புத்தக அலமாரி, முகாமுக்குச் செலுத்தப் பணம் ஆகியவை உள்ள குடும்பத்தையே அவை கணக்கில் கொள்கின்றன. இவை எதுவும் இல்லாத வீட்டுக் குழந்தைகளுக்கு விடுமுறை என்றால் என்ன என்பதிலிருந்தே இந்த விவாதம் தொடங்க வேண்டும்.

சட்டத்தில் நுழைந்த ஒரு சொல்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்களையும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 220 வேலை நாட்களையும் குறைந்த அளவாக நிர்ணயித்துள்ளது. கற்பித்தல் நேரமும் முறையே 800 மணி, 1000 மணி என்று வரையறுக்கப்பட்டுள்ளது. பள்ளிக்குள் கழியும் நேரத்திற்கு இவ்வாறு சட்டத்தின் கணக்கு உண்டு. எஞ்சிய நாட்களின் பொறுப்பு குடும்பத்தின் கைக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் குடும்பத்தின் வருமானத்திற்கு விடப்பட்டுள்ளது.

விடுமுறை என்ற சொல் நேரடியாக இடம்பெறும் இன்னொரு சட்டமும் உண்டு. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குக் குறைந்தவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது என்று தடை விதித்தது. பல பத்தாண்டுகாலக் கோரிக்கை அது, வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கும் எழுதப்பட்டது. ஆபத்தான தொழில் அல்லாத பட்சத்தில், பள்ளி நேரம் முடிந்த பிறகோ விடுமுறைகளிலோ குழந்தை தன் குடும்பத்திற்கோ குடும்பத் தொழிலுக்கோ உதவலாம் என்பதே அந்த விலக்கு. குடும்பம் என்பதற்குப் பெற்றோர், உடன்பிறந்தோர் மட்டுமன்றி, தந்தையின் உடன்பிறந்தோரும் தாயின் உடன்பிறந்தோரும் அடங்குவர் என்றும் விளக்கம் தரப்பட்டது.

மாமாவின் பட்டறைக்கோ சித்தப்பாவின் கடைக்கோ ‘உதவ’ அனுப்பப்பட்ட குழந்தையையும் கூலிக்கு அமர்த்தப்பட்ட குழந்தையையும் எந்த ஆய்வாளர் எப்படி வேறுபடுத்துவார்? திருத்தத்தின்போது மிகச் சுருக்கப்பட்ட ஆபத்தான தொழில்களின் பட்டியல் 2017இல் மீண்டும் விரிவாக்கப்பட்டது உண்மை. ஆயினும் வேலை நடப்பது வீட்டுக் கதவுக்குப் பின்னால். தொழிற்சாலைக்குள் நுழையவே ஆட்பற்றாக்குறை உள்ள தொழிலாளர் துறை, லட்சக்கணக்கான குடிசைகளுக்குள் எவ்வாறு நுழையும்? பெரு நிறுவனங்களுக்காக வீடுகளில் துண்டுக் கணக்கில் செய்யப்படும் வேலைகளில் ‘குடும்பத் தொழில்’ என்பது பெரும்பாலும் பெயரளவில் மட்டுமே. கச்சாப் பொருளைத் தருபவர் ஒப்பந்தக்காரர். விலையை நிர்ணயிப்பவரும் அவரே. குடும்பத்திற்குச் சொந்தமாக இருப்பது அதன் கைகள் மட்டுமே, குழந்தைகளின் சிறு கைகள் உட்பட.

2011ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 5 முதல் 14 வயதுக்குட்பட்ட உழைக்கும் குழந்தைகள் 1 கோடிக்கும் மேல் என்று பதிவு செய்தது. இவர்களுள் ஆண்டில் ஆறு மாதங்களுக்கு மேல் உழைப்போர் சுமார் 43 லட்சம் பேர். எஞ்சிய பாதிக்கும் மேற்பட்டோர் ஆறு மாதங்களுக்குக் குறைவாக உழைப்போர். பருவத்திற்கும் விடுமுறைக்கும் ஏற்ப வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் இந்த இரண்டாவது பிரிவில்தான் வருகிறார்கள். 2021இல் நடந்திருக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு உரிய காலத்தில் நடத்தப்படவில்லை.

புலம்பெயரும் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நாட்காட்டியே பொருந்துவதில்லை. மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து அறுவடைக்குப் பின் தெலங்கானாவின் செங்கல் சூளைகளுக்குச் செல்லும் குடும்பங்கள், மழை தொடங்கும் தறுவாயில்தான் ஊர் திரும்புகின்றன. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் தொழிலாளர்கள் தீபாவளியை ஒட்டிப் புறப்பட்டுக் கோடையில் திரும்புகிறார்கள். பீட் மாவட்டக் குழந்தை ஊர் வந்து சேரும்போது பள்ளி மூடப்படும் காலம் நெருங்கிவிடுகிறது. இழந்த பாடங்களை அது மீட்டெடுக்கக் கிடைக்கும் ஒரே இடைவெளி அந்தக் கோடைதான். அப்போதுதான் பள்ளிக் கதவில் பூட்டுத் தொங்குகிறது.

அணைந்துபோகும் அடுப்பு

பள்ளி மூடப்படும்போது உடன் மூடப்படுவது சமையற்கூடம். சமைத்த மதிய உணவை அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் வழங்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2001 நவம்பரில், உணவுரிமை வழக்கில் ஆணையிட்டது. அதே வழக்கில் 2004 ஏப்ரலில், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. பசிக்கு விடுமுறை இல்லை என்பதை நாட்டின் உச்சநீதிமன்றம் ஏற்றுக்கொண்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 2024இல் கடும் வறட்சியின்போது கர்நாடகத்தில் பாதிக்கப்பட்ட வட்டங்களின் பள்ளிகளில் கோடை விடுமுறையிலும் உணவு வழங்க ஏற்பாடு செய்யப்பட்டது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சான்று. ஆனால் வறட்சி என்ற அறிவிப்பு வந்தால்தான் உணவு என்ற நிலை போதுமானதன்று. மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் கூலி வேலை குறையும் மே மாதத்தில் ஏழை வீட்டு உலை கொதிக்காமல் இருப்பதுண்டு.

அதே அடுப்பை நம்பி இன்னொரு வாழ்க்கையும் இருக்கிறது. நாடெங்கும் சுமார் 25 லட்சம் மதிய உணவு சமையலர்கள், உதவியாளர்கள் பணியாற்றுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள், அவர்களுள் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்தோர், கணவரை இழந்தோர் பலர். 2009இல் இவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் மதிப்பூதியம் நிர்ணயிக்கப்பட்டது. அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டும். சில மாநிலங்கள் தம் பங்கிலிருந்து கூடுதலாக வழங்குகின்றன என்பதைத் தவிர, இந்தத் தொகையில் மாற்றமின்றி ஆண்டுகள் பல கடந்தன. விடுமுறை இரண்டு மாதங்களில் குழந்தையின் தட்டும் காலி, சோறு சமைத்துப் போட்ட பெண்ணின் கையும் காலி. பெரும்பாலும் அந்தக் குழந்தை அந்தப் பெண்ணின் குழந்தையாகவே இருக்கிறது. கோடை முகாம்களில் உணவு சமைக்க இந்தத் தொழிலாளர்களையே உரிய ஊதியத்துடன் அமர்த்தினால் இரண்டு அநீதிகள் ஒருசேரக் குறையும்.

‘பயன்’ என்பதன் பொருள்

மறுபக்கத்தில் சந்தை விழித்திருக்கிறது. ஏப்ரல் பிறந்ததும் நகரங்களின் சுவர்களில் கோடை முகாம் விளம்பரங்கள் நிறைகின்றன. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கே மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்கு அடித்தளப் பயிற்சி என்று கூவி விற்கப்படுகிறது. அடுத்த வகுப்பின் பாடம் விடுமுறையிலேயே நடத்தி முடிக்கப்படுகிறது. நடுத்தர வர்க்கப் பெற்றோர் பேராசையால் இதைச் செய்வதில்லை. நல்ல வேலைகள் அருகிவரும் நாட்டில் தம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற அச்சமே அவர்களைத் துரத்துகிறது. அந்த அச்சத்தை மூலதனமாக்கிக்கொள்பவர்கள் வேறு. கட்டணம் செலுத்த இயலாத வீடுகளில் கைபேசி முகாமின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பகல் முழுதும் வேலைக்குச் செல்லும் தாய், பிள்ளை வெயிலில் அலையாமல் வீட்டில் இருக்கட்டும் என்று தன் கைபேசியைக் கொடுத்துச் செல்வதைக் குற்றமாகப் பேசுவது எளிது. பாதுகாப்பான மாற்று எதுவும் அவருக்குத் தரப்படவில்லை என்பதே உண்மை.

சூளையில் கல் புரட்டும் பிள்ளைக்கும், பயிற்சி மையத்தில் குனிந்த தலை நிமிராத பிள்ளைக்கும் வாழ்க்கை ஒன்றல்ல. இருவரையும் ஒரே தட்டில் வைப்பது நேர்மையாகாது. ஆனால் இருவரிடமிருந்தும் பறிக்கப்படுவது விளையாட்டு. 1989இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் பண்பாட்டு வாழ்வில் பங்கேற்பும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது. எனவே விடுமுறை பயனுள்ளதாக வேண்டும் என்று பேசும்போது, அது வருமானம் தருவதோ மதிப்பெண் தருவதோ அன்று. ஒன்றும் செய்யாமல் மரத்தடியில் அமர்ந்து எறும்பின் வரிசையைப் பார்த்துக்கொண்டிருப்பதும் குழந்தைக்குப் பயனுள்ள பொழுதுதான்.

கற்றதை மறந்துவிடும் ஆபத்து இல்லையா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. கொரோனா காலத்தில் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்த பின், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் ஐந்து மாநிலங்களில் 16,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. முந்தைய ஆண்டில் பெற்றிருந்த மொழித்திறன்களில் குறைந்தது ஒன்றையேனும் இழந்தோர் 92 விழுக்காடு. கணிதத்தில் 82 விழுக்காடு. இரண்டு மாத விடுமுறையை அந்த நீண்ட முடக்கத்துடன் சமப்படுத்த முடியாது. ஆனால் பயன்படுத்தாத திறன் துருப்பிடிக்கும் என்ற எச்சரிக்கை அதில் உண்டு. இதற்கு மருந்து பாடப்புத்தகத்தை மீண்டும் திணிப்பதன்று. கதை படிக்கும் குழந்தை மொழியை மறப்பதில்லை. சந்தையில் விலை கேட்டு ஒப்பிட்டு எழுதும் குழந்தை கணக்கை மறப்பதில்லை.

வழிகாட்டும் அனுபவங்கள்

இது வெறுங்கனவன்று. இந்தியாவிலேயே செய்து காட்டப்பட்டது. கேரளத்தில் பி.என்.பணிக்கர் 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றிணைத்துத் தொடங்கிய கிரந்தசாலை இயக்கம், சிற்றூர்தோறும் நூலகம் என்ற நிலையை உருவாக்கியது. அவர் நினைவு நாளான ஜூன் 19 அங்கே வாசிப்பு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1962இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், குழந்தைகளுக்கான ‘யுரேகா’ அறிவியல் இதழை 1970 முதல் வெளியிட்டு வருவதோடு, சிறுவர் மன்றங்களையும் அமைத்தது. 1938இல் வட கேரளத்தின் கல்யாசேரியில் விதையூன்றிய பாலசங்கத்தின் ‘வேனல்தும்பி’ கலைக்குழுக்களில், கோடை விடுமுறையில் பிள்ளைகளே பாடியும் நடித்தும் ஊர் ஊராகச் செல்கிறார்கள். அங்கே குழந்தைகள் பார்வையாளர்கள் அல்லர், கலைஞர்கள்.

மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டம், விலையுயர்ந்த ஆய்வகம் இல்லாமலேயே கிராமத்துப் பிள்ளைகள் தாமே சோதித்து அறியலாம் என்று நிரூபித்தது. 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டாலும், அதன் மரபு அழிந்துவிடவில்லை. அத்திட்டத்தோடு தொடர்புகொண்ட பொறியாளர் அரவிந்த் குப்தா, தீக்குச்சியையும் மிதிவண்டி வால்வு ரப்பரையும் கொண்டு வடிவியலைக் கற்பிக்கும் பொம்மைகளை உருவாக்கினார். குப்பையில் எறியப்படும் பொருள்களிலிருந்து அறிவியல் பொம்மை செய்யும் அவரது முறையை இன்று எந்த ஊர் முகாமும் செலவின்றிப் பின்பற்றலாம். மைசூருவில் பி.வி.காரந்த் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த ரங்காயணா நாடக நிறுவனம், ‘சின்னர மேளா’ என்ற பெயரில் கோடையில் குழந்தைகளுக்கு நாடகப் பயிற்சி அளித்து வருகிறது. 1956இல் நேருவின் முயற்சியால் தில்லியில் தொடங்கப்பட்ட பால் பவன், குழந்தைகளின் ஓய்வு நேரத்திற்கும் அரசு பொறுப்பேற்க வேண்டும் என்ற கருத்தின் வெளிப்பாடு. அது ஒவ்வொரு வட்டத்திற்கும் பரவியிருக்க வேண்டும். பொதுச் செலவைச் சுருக்கும் கொள்கை அதைப் பெருநகரங்களோடு நிறுத்திவிட்டது.

ஊர்தோறும் ஒரு முகாம்

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லை; அரசின் கடமையை விட்டுக்கொடுக்கவும் தேவையில்லை. பத்து நாள் முகாம் ஒன்றை எந்தச் சிற்றூரிலும் நடத்தலாம். வெயில் ஏறுமுன், காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்தரை மணிக்குள் முடிப்பது நல்லது. நிழல், குடிநீர், கழிப்பறை உள்ள அரசுப் பள்ளியே உகந்த இடம். தலைமையாசிரியரிடமும் ஊராட்சியிடமும் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். முகாம் முடிவில் ஒருவேளை உணவு இருந்தால்தான் வேலைக்குச் செல்லும் பிள்ளையும் வரும்.

முதல் இரண்டு நாட்கள் விளையாட்டும் கதையும் மட்டும் போதும். கூச்சம் நீங்க அது தேவை. பிறகு குழுக்களாகப் பிரிந்து ஊரை ஆராயலாம். ஊரின் கிணறுகள் எத்தனை, அவற்றில் தண்ணீர் உள்ளவை எத்தனை, தூர்ந்தவை எத்தனை என்று கணக்கெடுப்பது புவியியலும் கணக்கும் அரசியலும் கலந்த பாடம். நெசவாளி, கொத்தனார், மீனவர், செவிலியர் ஆகியோரை அழைத்து அவர்தம் வேலையைப் பற்றிப் பேசச் செய்யலாம். உழைப்பை மதிக்கக் கற்பது வேறு, உழைப்பில் தள்ளப்படுவது வேறு என்பதைக் குழந்தைகள் அங்கேதான் உணர்வார்கள். கண்டதையும் கேட்டதையும் எழுதிச் சுவரிதழாக ஒட்டலாம். இறுதி நாளில் அதுவே நாடகமாகட்டும்.

சில எச்சரிக்கைகள் அவசியம். போட்டியும் பரிசும் வேண்டாம். பரிசு பெறாத பிள்ளை மறுநாள் வராது. தம்பி தங்கையைத் தூக்கிக்கொண்டு வரும் சிறுமியைத் திருப்பி அனுப்பக் கூடாது. சிறு குழந்தைகளுக்குத் தனியே ஒரு பாயும் அவர்களைக் கவனிக்க ஒரு தோழரும் வேண்டும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ண வேண்டும். அதற்கு எதிர்ப்பு எழும் ஊரில் அந்தப் பந்திதான் முகாமின் முதன்மையான பாடம். பொறுப்பாளர்கள் எப்போதும் இருவராகவேனும் இருத்தல், முதலுதவிப் பெட்டி, பெற்றோரின் தொடர்பு எண் ஆகியவற்றில் அலட்சியம் கூடாது. நீர்நிலைகளுக்குக் குழந்தைகளைத் தனியே விடலாகாது. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் நீரில் மூழ்கி இறந்தோர் 38 ஆயிரத்துக்கும் அதிகம். பயிற்சி பெற்றவர் மேற்பார்வையில் நீச்சல் கற்றுத் தருவது உயிரைக் காக்கும் கல்வி.

இந்தப் பணியை ஆசிரியர்கள் மீதோ அங்கன்வாடி ஊழியர்கள் மீதோ ஊதியமற்ற சுமையாக ஏற்றக் கூடாது. அவர்களுக்கும் ஓய்வு உரிமை உண்டு. விரும்பி வருவோரை வரவேற்க வேண்டும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் கேட்க வேண்டும்.

கோரிக்கைகளும் தெளிவாக இருக்கட்டும். விடுமுறை நாட்களிலும் விரும்பும் குழந்தைகள் அனைவருக்கும் மதிய உணவு. சமையல் பணியாளர்களுக்குப் பன்னிரண்டு மாத ஊதியம். கோடையில் முழு நேரமும் திறந்திருக்கும் ஊராட்சி நூலகம். புலம்பெயர் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பருவகால விடுதியும், பணியிடத்திலேயே கற்றல் மையமும், ஊர் திரும்பியதும் இணைப்பு வகுப்பும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் விடுமுறையை உழைப்புக்குத் திறந்துவிட்ட அந்த விலக்கை நீக்குதல். பெற்றோருக்கு வாழத் தகுந்த கூலி. அது இல்லாமல் மற்றவை நிலைக்கா. பிள்ளையை வேலைக்கு அனுப்பும் தாய் தகப்பன் கல்நெஞ்சர்கள் அல்லர். கூலி போதாத வீட்டில் பிள்ளையின் பொழுதுதான் முதலில் விற்கப்படுகிறது.

ஜூன் வரும், பள்ளி திறக்கும், கரும்பலகையில் அதே தலைப்பு எழுதப்படும். சென்ற ஆண்டு வெற்றுத்தாளை நீட்டிய அந்தச் சிறுமி, இந்த ஆண்டு தங்கையை மடியில் வைத்துக்கொண்டு தான் எண்ணிய கிணறுகளைப் பற்றி எழுத வேண்டும். அந்த ஒரு பக்கக் கட்டுரைக்கான வேலை இந்த ஏப்ரலிலேயே தொடங்கப்பட வேண்டும்.